பின்நடைக் கும்மி பிறந்த கதை

ஒருவர் நன்றாகப் பாடினாரா இல்லையா என்பதை முடிவு செய்கிறவன், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருப்பவன். பாடகருக்கு இது தெரியாது. கேட்கிறவர்களுக்கும் தெரியாது. அந்தச் சேரில் நான் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன். அதனால் சொல்கிறேன்.

பெயர் சுப்பையா. ராஜபாளையத்தில் மைக் செட் கடை. படிப்பு ஒன்பதாவது. (பாஸா என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.)

வந்ததும் "அண்ணே, டீ சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் பாடகருக்கு எக்கோ வைப்பேன். எக்கோ வைத்தால் தொண்டைக் கட்டுகூட சாமி அருள் மாதிரி இருக்கும். "ஏய் மைக்கு" என்று கூப்பிடுகிறவருக்கு ட்ரெபிளைத் திருகிவிடுவேன். ஆட்டுக்குட்டி பாடுகிற மாதிரி கேட்கும். அப்படி நான் ஆட்டுக்குட்டி ஆக்கிய ஒருவர் பாட்டையே விட்டுவிட்டு இப்போது மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார். (தலைவலித்தால் நான் வேறு கடைக்குப் போகிறேன்.)

இவ்வளவு அதிகாரம் வைத்திருந்தவன் அதிகம் பேசமாட்டேன். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்." நான் பேசுகிற பெரிய வசனம் அதுதான். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் வீட்டில் மொத்தம் ஒரு சொல் சொன்னேன். "சரி."

பெண்ணின் பெயர் செண்பகம். ஊர் கான்சாபுரம். வத்திராயிருப்பு பக்கம். நடவு வயலில் அவள் பாட்டு எடுத்தால் நாலு வயல் தள்ளி நடுகிறவர்களும் அதே தாளத்தில் நடுவார்கள் என்று மாமனார் பெருமையாகச் சொன்னார். எனக்கு அது ஒரு குழாய் ஸ்பீக்கரின் விவரம் மாதிரிதான் காதில் விழுந்தது.

முளைப்பாரித் திருவிழாவில் கும்மிக்குத் தலைப்பாட்டு எடுக்கிறவள் அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகும் வருஷம் தவறாமல் கான்சாபுரம் போய்விடுவாள். அங்கே செட்டும் என்னுடையதுதான். அவள் தெருவில் பாடும்போது நான் வேப்பமரத்துக் குழாயில் சினிமாப் பாட்டு ஓடவிட்டிருப்பேன். நடுவில் அறிவிப்பு. கோயிலுக்குப் பத்துத் தேங்காய் கொடுத்தவர் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். அது வழக்கம். ஒரு தடவை சொன்னால் கொடுத்தவர் அடுத்த வருஷம் ஐந்து தேங்காய்தான் கொடுப்பார்.

ஒரு வருஷம் திருவிழா முடிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். செண்பகம் வந்து நின்றாள்.

"தேங்காய் குடுத்தவுக பேரை எல்லாம் சொன்னீக. ஒரு தடவை எம்பேரையும் அந்தக் குழாயில சொல்லுங்களேன்."

"எதுக்கு?" என்றேன்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். அந்த "எதுக்கு"வுக்கு நான் கொடுத்த விலைதான் இந்தக் கட்டுரை.

இனி அண்ணாச்சி. பெயர் வேலாயுதம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். மாடு வைத்திருப்பவருக்கும் பால்கோவாக் கடைக்கும் நடுவில் கேனோடு சைக்கிளில் ஒருவர் போவார் இல்லையா, அண்ணாச்சி கலைக்கு அந்த மாதிரி. சென்னையிலிருந்து யாராவது கிராமத்துக் கலை வேண்டும் என்று வந்தால் முதலில் அவருக்குத்தான் போன் வரும். இந்தப் பக்கம் பாடத் தெரிந்தவர், ஆடத் தெரிந்தவர், பறை தட்டத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் அவர் நோட்டில் பெயர் ஏறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியைத் தாண்ட முடியாது. அவர் கார்டில் "கலை ஒருங்கிணைப்பாளர்" என்று இருக்கும். அவருக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது. அதனால் யாரோடும் போட்டி கிடையாது.

ஒருநாள் கடைக்கு வந்தார். சென்னையில் ஏதோ கலை அமைப்பாம். ராஜபாளையத்தில் பெரிய விழா எடுக்கப்போகிறார்களாம். அதற்கு ஆள் எடுக்க ஒரு மேடம் வருகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில் தேர்வு. மைக் செட் நான் போட வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பின்கட்டிலிருந்து செண்பகம் எட்டிப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரி கும்மி பாடும்."

அண்ணாச்சி நோட்டைத் திறக்கவில்லை. "கும்மி எல்லா ஊர்லயும் இருக்குலே சுப்பையா. மேடம் கேக்கிறது அழிஞ்சுக்கிட்டு இருக்கிற கலை. உங்க கும்மி அழியுதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "இல்ல அண்ணாச்சி. போன வாரம்கூட ஆடுனாக."

"அதை வெளிய சொல்லிராத," என்று நோட்டைத் திறந்து பெயரை எழுதிக்கொண்டார். பட்டியலில் கடைசி.

தேர்வு நாள் வந்தது. காலை பத்து மணி. மண்டப மேடையில் முந்தின நாள் கல்யாணத்து அலங்காரம் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியும் பின்னால் கிடந்தது. கீழே முதல் வரிசையில் மேடம். கைத்தறிச் சேலை, நோட்டு, பேனா. பக்கத்தில் ஒரு கேமராக்காரர். மேடம் காதருகே அண்ணாச்சி. மேடம் நல்லவர். வந்தவர் எல்லாரையும் எழுந்து நின்று கும்பிட்டார். ஆனால் மேடையில் நடப்பது எல்லாம் அவருக்கு அண்ணாச்சி வாய் வழியாகத்தான் போனது.

ஒரு குழுவுக்கு ஐந்து நிமிஷம். மறுபடி ஒரு தடவை என்ற பேச்சே கிடையாது. நான் மேடை ஓரத்தில் என் சேரில். அண்ணாச்சிக்கு வேண்டியவர்கள் மேடை ஏறினால் அவர் துண்டை உதறித் தோளில் போடுவார். நான் எக்கோ வைப்பேன். (கேட்டால் இல்லை என்பார். நானும் இல்லை என்பேன்.)

கடைசியில் செண்பகத்தின் குழு. எட்டுப் பேர். அவளுடைய சித்தி, மதினிமார், அக்கம்பக்கத்துப் பெண்கள். வத்திராயிருப்பு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்கள். மேடை நடுவில் ஸ்டாண்டில் மைக் இருந்தது. நான்தான் வைத்தேன். பாடகர்கள் வந்தார்கள், மைக் முன்னால் நின்றார்கள், பாடினார்கள். காலையிலிருந்து அப்படித்தான்.

கும்மி நிற்காது என்பது எனக்கு மறந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் ஒரு கும்மித் தலைப்பாட்டுக்காரியோடு குடும்பம் நடத்துகிறேன். கும்மி சுற்றும் என்பது மறந்துவிட்டது.

செண்பகம் பாட்டை எடுத்தாள்.

"மேக மேக மேகமே, மேக்கு மலை மேகமே,
நெல்லு காயுது வயலிலே, நின்னு பாரு மேகமே."

வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வட்டத்தின் அளவும் பாட்டின் அளவும் சரியாக ஒன்று. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அவள் வாய் மைக்கைத் தாண்டுகிறபோது ஒரே சொல்தான் விழுந்தது. "காயுது." பிறகு எட்டுப் பேர் கைதட்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "காயுது."

மேடம் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "என்ன காயுது?"

"கலைதான் மேடம்," என்றார் அண்ணாச்சி.

மேடம் எழுதிக்கொண்டார். ஆனால் முகம் தெளியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் போய்விட்டது. செண்பகம் சுற்றிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படவில்லை.

ஓடிப்போய்க் கார்ட்லெஸ் மைக்கை அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அடுத்த நொடி கும்மி தட்டினாள். கும்மிக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதும் எனக்கு மறந்திருந்தது. மைக்கோடு தட்டினாள். ஸ்பீக்கர் பாக்ஸில் அணுகுண்டு விழுந்தது. இரண்டாவது தட்டுக்கு மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. மூன்றாவது தட்டோடு கார்ட்லெஸ் மைக் ஓய்வு பெற்றது.

இரண்டு நிமிஷம் போய்விட்டது.

மேற்கொண்டு யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இன்றைக்கு மரியாதையாக இருந்திருப்பேன். ஸ்டாண்டிலிருந்து வயர் மைக்கை உருவினேன். செண்பகத்துக்கு எதிரே போய் அவள் வாய்க்கு நேராக நீட்டினேன். அவள் முன்னால் நடந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தபடி பின்னால் நடந்தேன். கும்மி வட்டத்தில், எட்டுப் பெண்களுக்கு நடுவில், மீசை வைத்த ஐம்பத்திரண்டு வயசு ஆள் ஒருவன், பின்பக்கமாக.

இப்போது அவள் பாட்டு முழுசாகக் கேட்டது. மண்டபம் நிறைந்தது. நானே முதல் தடவையாக அன்றைக்குத்தான் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன். என் குழாய் எப்போதும் குறுக்கே இருந்திருக்கிறது.

ஆனால் வயர் ஒன்று இருக்கிறது. அது ஆம்ப்ளிஃபயரிலிருந்து என் கைவரைக்கும் வட்டத்துக்குக் குறுக்கே கிடந்தது. பெண்கள் ஒவ்வொருவராக அதைத் தாண்டினார்கள். சேலையைக் கொஞ்சம் தூக்கி, ஒரு குதி. தாளம் தப்பவில்லை. கான்சாபுரத்துப் பெண்கள் வரப்பு தாண்டுகிறவர்கள். நான் சுற்றச் சுற்ற வயர் நடுவிலிருந்த ஸ்டாண்டில் சுற்றிக்கொண்டே வந்தது. வயர் குறைந்தது. வட்டமும் குறைந்தது. முளைக்குச்சியில் கட்டிய ஆடு மாதிரி ஆகிவிட்டேன். ஆறாவது சுற்றில் எட்டுப் பெண்களும் நானும் ஒரு ஜமுக்காளத்தில் நிற்கிற அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

செண்பகத்தின் சித்தி என் காதோரம், "மாப்ள, இது நல்லதுக்கில்ல," என்றாள்.

நான் வயரைச் சுண்டி இழுத்தேன். ஆம்ப்ளிஃபயரில் பிளக் கழன்றது. டப். சத்தம் செத்தது. இழுத்த வேகத்தில் நான் பின்னால் நாலு எட்டு ஓடி, அந்தச் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை உட்காருகிற பக்கம். கையில் மைக்.

மண்டபம் அமைதி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். செண்பகத்தின் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அப்போது கைதட்டல் கேட்டது. கண்ணைத் திறந்தால் மேடம் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர்.

"இது என்ன ஃபார்ம்?" என்றார்.

அண்ணாச்சி ஒரு நொடி என்னைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். இதற்காகத்தான் அந்த மனுஷன் பிறந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பின்நடைக் கும்மி, மேடம்."

முன்னால் வருகிற பெண் மழைக்கு ஏங்கும் பூமி என்றார். பின்னால் நகர்கிற ஆண் பிடிகொடுக்காத மேகம் என்றார். (என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.) பெண்கள் தாண்டியது என்ன என்று மேடம் கேட்டார். வயலில் கிடக்கும் நாகம். வட்டம் ஏன் சுருங்கியது? மேகம் திரளுகிறது. கடைசியில் அந்த அமைதி? "மேகம் மலையில உக்காந்துருச்சு, மேடம். இனி மழைதான்."

மேடம் மூன்று பக்கம் எழுதினார். பிறகு மேடைக்கே ஏறி வந்து என் முன்னால் நின்றார். செண்பகம் ஓரமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, எத்தனை வருஷமா இதை ஆடுறீங்க?"

"இப்பத்தான்," என்றேன்.

மேடம் நெஞ்சில் கை வைத்தார். "எவ்வளவு அடக்கம்," என்று கேமராக்காரரிடம் சொன்னார். அவர் என் முகத்துக்குக் கிட்டே கேமராவைக் கொண்டுவந்தார். நான் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் பெரிய அடக்கமாகப் போய்விட்டது.

தேர்வாகிவிட்டது. ஒரே நிபந்தனை. அந்த ஐயா கட்டாயம் வர வேண்டும். மேகம் இல்லாவிட்டால் கும்மி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் "வரமாட்டேன்" என்றேன். ராஜபாளையம் முழுக்க என் செட் ஓடாத தெரு கிடையாது. அந்த ஊரில், அந்த ஜனம் முன்னால், பொம்பளைகளோடு பின்னால் நடக்க முடியாது. செண்பகம் சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். பிறகு சொன்னாள்.

"இருபத்தாறு வருசமா நான் உங்க பின்னால வந்தேன். ஒரு நாள் எம்முன்னால நீங்க பின்னால போனா தேஞ்சா போவீக?"

நான் சாப்பிட்டேன்.

"மைக்கு உங்க கையிலதான இருக்கப்போவுது," என்றாள். "பாட்டு எடுக்கிறதுக்கு முன்னால எம்பேரைச் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு தடவை."

ஒரு பெயர். நாலு எழுத்து, ஐந்து எழுத்து. எண்ணிப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் பட்டது. "சரி" என்றேன்.

அண்ணாச்சி ஒத்திகை வைத்தார். எங்களுக்குப் பாரம்பரியத்தைச் சொல்லிக்கொடுத்தார். குதிக்கும்போது நாகத்தை மரியாதையாகப் பார்க்க வேண்டும் என்று சித்தியைக் கண்டித்தார். நான் சரியாக விழவில்லை என்று அவருக்கு வருத்தம். "ஏலே, அன்னைக்கு எம்புட்டு இயல்பா விழுந்த? இப்ப என்ன பாத்து பாத்து உக்காருத?" என்றார். செண்பகத்தின் பாட்டைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாட்டில் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒன்றும் இல்லை.

விழா நாள் சாயங்காலம். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். எனக்கு மேகம் வேஷம். மேகத்துக்கு என்ன உடுத்துவது என்று யோசித்து, கடைசியில் பேண்டேஜ் துணியைச் சுற்றிவிட்டார்கள். எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சம் கிடையாது. பாதி தறியில் அதுதான் ஓடுகிறது. கழுத்திலிருந்து முழங்கால் வரை சுற்றினார்கள். வயிற்றுக்குத் தனியாக ஒரு சுருள்.

செண்பகத்தின் தம்பி பட்டாளத்தில் இருப்பவன். லீவில் வந்திருந்தான். முதல் வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான்.

"எந்த ஆஸ்பத்திரியில இருந்து தப்பிச்சு வாரீக மச்சான்?"

அவனே மறுபடி, "பட்டாளத்துல பின்வாங்கினா சுட்டுப்போடுவாக. உங்களுக்கு மாலை போடுதாக," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

மைக் செட் அன்றைக்கு வேறு ஆள். தளவாய்புரத்துக்காரர். மேடையில் ஏறுகிறவன் செட் போட முடியாது இல்லையா. அவரும் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் எத்தனையோ பேரைப் பார்த்த பார்வை. எனக்கு உடனே அவரைப் பார்த்து "டீ சாப்பிட்டீங்களா?" என்று கேட்கத் தோன்றியது. கேட்டேன். அவர் எக்கோவை முழுசாகத் திருகி வைத்தார்.

அண்ணாச்சி அறிவித்தார். "அடுத்ததாக, அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட பின்நடைக் கும்மி. வழங்குபவர் மூத்த கலைஞர் சுப்பையா மற்றும் குழுவினர்."

மற்றும் குழுவினர். செண்பகம் என் எதிரே நின்றாள். மைக்கை மட்டும் பார்த்தாள். அது என் கையில் இருந்தது. சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

வாயைத் திறந்தேன். எதிரே கூட்டம். மளிகைக் கடைக்காரர், பஞ்சாயத்துக்காரர்கள், நான் ஆட்டுக்குட்டி ஆக்கிய மெடிக்கல் ஷாப்காரர், எல்லாரும். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு தானாகப் புரண்டது. அதற்குப் பழகிய பக்கம் புரண்டது.

"ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங்."

எக்கோ முழுசாக இருந்தது. டெஸ்டிங், டெஸ்டிங், டெஸ்டிங் என்று மைதானத்தைச் சுற்றிவிட்டு வந்தது. கூட்டம் சிரித்தது. மெடிக்கல் ஷாப்காரர் எழுந்து நின்று சிரித்தார். நான் செண்பகத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. பின்நடைக் கும்மியில் அதுதான் சங்கடம், ஆறு சுற்றும் அந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அவள் பாட்டை எடுத்தாள். நான் பின்னால் நடந்தேன். நாகத்தைத் தாண்டினார்கள். சித்தி அதை மரியாதையாகப் பார்த்தாள். வட்டம் சுருங்கியது. ஆறாவது சுற்று வந்தது. நான் சுண்டி இழுக்க வேண்டும், பிளக் கழல வேண்டும், பின்னால் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். இழுத்தேன்.

கழலவில்லை.

என் செட்டாக இருந்தால் கழன்றிருக்கும். தளவாய்புரத்துக்காரர் வேலை சுத்தம். பிளக்குக்கு டேப் ஒட்டியிருந்தார். வயர் என்னைத் திருப்பி இழுத்தது. நான் முன்னால் சாய்ந்து, அதைத் தடுக்கப் பின்னால் சாய்ந்து, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன். அது பிளாஸ்டிக் நாற்காலி. அந்த இனத்தோடு எனக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். அது காலை விரித்துவிட்டது. மேகம், மலையோடு சேர்ந்து விழுந்தது.

மல்லாந்து கிடந்தேன். கால் வயரில் சுற்றியிருந்தது. கை பேண்டேஜ் துணியில் மாட்டியிருந்தது. இடுப்பில் ஏதோ பிசகிவிட்டது. புரள முடியவில்லை. ஊரே பார்க்கிறது. மைக் மட்டும் நெஞ்சுமேல், வாய்க்கு நேராகக் கிடந்தது. அது மைக் என்பதே அப்போது எனக்கு நினைவில்லை. வலியில் மனுஷன் யாரைக் கூப்பிடுவானோ அவளைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி செண்பகம். தூக்கு."

எக்கோ அப்படியே இருந்தது. செண்பகம், செண்பகம், செண்பகம் என்று மூன்று தடவை போனது. மைதானம் தாண்டி, பஸ் போகிற ரோடு தாண்டிப் போனது. பத்துத் தேங்காய் கொடுத்தவருக்குக்கூட நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

அவள் உடனே குனியவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள். மூன்றாவது தடவையும் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் கையை நீட்டினாள்.

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. மேடம் மறுபடியும் அழுதார்.

சான்றிதழ் கொடுத்தார்கள். "மூத்த கலைஞர் திரு. சுப்பையா" என்று இருந்தது. ஒன்றே ஒன்று. எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு சால்வை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது செண்பகம் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "நல்லாத்தான் கேட்டுச்சு." அந்தச் சான்றிதழால் இப்போது ஆம்ப்ளிஃபயரைத் தூசி விழாமல் மூடி வைத்திருக்கிறாள். அளவு சரியாக இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. யாரோ செல்போனில் எடுத்தது ஊர் ஊராகப் போனது. மறு வருஷம் பள்ளிக்கூடங்களில் பின்நடைக் கும்மி ஆட ஆரம்பித்தார்கள். அண்ணாச்சியின் கார்டில் "பின்நடைக் கும்மியைக் கண்டெடுத்தவர்" என்று ஒரு வரி ஏறியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிகளுக்கு நடுவில் ஒரு போட்டி வைத்தார்கள். என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். செண்பகமும் கூட வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள்.

எல்லாக் குழுவிலும் ஒருவன் பேண்டேஜ் துணி சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தான். ஒரு பள்ளிக்கூடம் விவரமாகக் கார்ட்லெஸ் மைக் வைத்து ஆடியது. என் பக்கத்து நடுவர் பத்து மதிப்பெண் குறைத்தார். "நாகம் இல்லை" என்று எழுதினார். அடுத்த பள்ளிக்கூடம் கார்ட்லெஸ் மைக்கும் வைத்துக்கொண்டு, எதிலும் சேராத ஒரு வயரையும் இழுத்துக்கொண்டு ஆடியது. அவர்களுக்கு முதல் பரிசு. நானும் கையெழுத்துப் போட்டேன். (பேச வேண்டுமென்றால் எழுந்து நிற்க வேண்டும் என்றார்கள். கையெழுத்து உட்கார்ந்தே போடலாம்.)

முடிவில் எல்லாரும் விழுந்தார்கள். விழுந்து, "ஏட்டி செண்பகம், தூக்கு" என்றார்கள். ஒரு குழுகூட அதை விடவில்லை.

கூட்டம் கலையும்போது ஒரு டீச்சர், செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அவளுக்கு விளக்கினார். செண்பகம் என்பது மலையில் குடியிருக்கும் பழைய வனதேவதையாம். மழை இறங்குவதற்கு முன்னால் மேகம் அவளிடம் உத்தரவு கேட்கிறதாம். புத்தகத்திலேயே வந்துவிட்டதாம்.

"அப்படியா டீச்சர்," என்று கேட்டுக்கொண்டாள் செண்பகம். "தூக்கிவிட்டுச்சா அந்தத் தேவதை?"

"அது ஐதீகம்மா. உங்களுக்குச் சொன்னாப் புரியாது," என்றார் டீச்சர்.

நான் திருந்தினேனா என்று கேட்டால், கொஞ்சம். கான்சாபுரத்தில் கும்மி தொடங்கினால் இப்போது சினிமாப் பாட்டை நிறுத்திவிடுகிறேன். தலைப்பாட்டுக்காரி பெயரை அறிவித்துவிட்டுத்தான் நிறுத்துகிறேன். மூன்று தடவை. மற்றபடி "ஏய் மைக்கு" என்று கூப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆட்டுக்குட்டிதான்.

வீட்டில்தான் நிலைமை மோசம். தண்ணீர் வேண்டுமென்றாலும், சாவியைக் காணோமென்றாலும், நான் "செண்பகம்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அவள் அடுப்படியை விட்டு வரமாட்டாள். மச்சினன் லீவில் வந்திருந்தால் அவனும் சேர்ந்துகொள்வான். உள்ளேயிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"விழுந்துட்டீகளா?"